பல்லுக்கு ஈயம் பூசுகிற வேலை

“நாளைக் காலை வரைக்கும் பல் விளக்காதீங்க சார். நாக்கால நோண்டிக்கிட்டே இருக்காதீங்க. ராத்திரிக்கு இட்லி, தயிர்சாதம் மாதிரி மெத்துன்னு ஏதாவது சாப்பிட்டாப் போதும்.” பல் டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் என் நாக்கு அந்த இடத்துக்குப் போய்விட்டது. பலாப்பழம் உரித்த கையில் ஒட்டிய பால் காய்ந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு பிசுக்கு. கண்ணாடியில் பார்த்தால் பற்கள் மேல் மஞ்சளாக ஒரு படலம். லேசான இனிப்பு, அதற்கடியில் ஏதோ மர வாசனை.

ஃப்ளூரைடு வார்னிஷ். மர மேசைக்கு அடிக்கிற அதே சொல்தான். பஞ்சால் பல்லைத் துடைத்துவிட்டு, குட்டித் தூரிகையால் மெல்லியதாகத் தீட்டினார். எச்சில் பட்டதும் இறுகிக்கொண்டது. மொத்தம் 5 நிமிடம்கூட ஆகவில்லை.

நான் போனது பல் கூச்சத்துக்காக. பானைத் தண்ணீர் குடித்தாலே பின்மண்டை வரை இழுத்தது. சொத்தை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அவர் வாய்க்குள் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “காலையில எலுமிச்சைத் தண்ணி குடிக்கிறீங்களா?”

குடித்தேன். இரண்டு வருடமாக. வெறும் வயிற்றில், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு பழம் பிழிந்து, தேன் விட்டு, பேப்பர் படித்து முடிக்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக. உடம்பு இளைக்கும் என்று சொன்னார்கள். இளைத்தது என்னவோ பல்தான். டாக்டர் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். கீழ்க்கடைவாயில் 20 வருடத்துக்கு முன்னால் வைத்த வெள்ளி ஃபில்லிங், தண்ணீர் வடிந்த குளத்தில் நிற்கும் பாறை மாதிரி தனியாக உயர்ந்து நின்றது. ஃபில்லிங் வளரவில்லை. சுற்றியிருந்த பல் இறங்கிவிட்டது.

“இதைப் பூசினா பழையபடி வந்துடுமா டாக்டர்?”

“வராது சார். இருக்கிறது போகாமப் பாத்துக்கலாம். அதுவும் அந்த டம்ளரை நீங்க விட்டாத்தான்.”

அந்தப் பதில் என்னைக் கொஞ்சம் சீண்டியது. பூச்சு என்றால் பாதுகாப்பு என்றுதானே நினைக்கிறோம்? பிறகு ஏன் டம்ளரை விட வேண்டும்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத் துரத்திப் போனதன் விளைவு.

முதலில் நோயின் பெயர். தமிழில் இதை ‘அமில அரிப்பு’ என்று எழுதுகிறார்கள். அரிப்பு என்றதும் சொறியத் தோன்றும். மண் அரிப்பில் வருகிற அரிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சொத்தை வேறு, இது வேறு. சொத்தையில் பாக்டீரியா உண்டு. பல்லில் படிந்த ஊத்தைக்குள் உட்கார்ந்துகொண்டு, நாம் தின்ற சர்க்கரையைத் தானும் தின்று அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் மேல்தோலை ஓரளவு விட்டுவைத்து உள்ளே தாதுக்களைக் கரைக்கும், கரையான் பிடித்த கதவுபோல. பெயின்ட் நன்றாக இருக்கும், விரலை வைத்தால் உள்ளே போகும். அமில அரிப்பில் பாக்டீரியாவுக்கு வேலையே இல்லை. அமிலம் வெளியிலிருந்தோ வயிற்றிலிருந்தோ நேராக வந்து, சப்பிய கற்கண்டைப் போல, மேலிருந்து அடுக்கடுக்காகக் கரைக்கிறது. அதனால்தான் ஒழுங்காகப் பல் விளக்கி, ஊத்தையே இல்லாமல் பளபளவென்று வைத்திருக்கிறவர்களுக்கும் இது வருகிறது.

பல்லின் வெளி ஓட்டுக்குப் பெயர் எனாமல். அதன் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது. ஹைட்ராக்ஸிஅபடைட் என்கிற கால்சியம் பாஸ்பேட். கடைவாய்ப் பல்லின் மேட்டில், அதிகம் கனமாக இருக்கும் இடத்திலேயே, இரண்டரை மில்லிமீட்டர் அளவுதான். அதைக் கட்டிய செல்கள் பல் வெளியே முளைக்கும்போதே உதிர்ந்துவிடுகின்றன. வீடு நிற்கிறது, கொத்தனார் ஊருக்குப் போய்விட்டார், திரும்பி வரமாட்டார். எலும்பு முறிந்தால் சேரும், தோல் கிழிந்தால் மூடும், எனாமல் போனால் போனதுதான்.

புளிப்பைக் கணக்கிடப் பி.எச். என்று ஒரு அளவு இருக்கிறதல்லவா? அது 7ல் நடுநிலை. எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடும், ஒவ்வொரு எண்ணுக்கும் 10 மடங்கு. எனாமல் கரையத் தொடங்குகிற எல்லையாகப் பாடப்புத்தகங்கள் சொல்வது 5.5. எலுமிச்சைச் சாறு 2க்கும் இரண்டரைக்கும் நடுவில். கோலா பானங்கள் இரண்டரையை ஒட்டி. எல்லைக்கும் கோலாவுக்கும் இடையில் 3 எண். அதாவது ஆயிரம் மடங்கு. எலுமிச்சையில் தண்ணீர் கலந்தாலும் 3ஐ ஒட்டித்தான் நிற்கிறது. போதாததற்கு, அதில் இருக்கும் சிட்ரிக் அமிலத்துக்குக் கால்சியத்தைக் கவ்விப் பிடிக்கிற குணமும் உண்டு.

ஆனால் பி.எச். மட்டும் பேசினால் தயிரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். தயிர் 4க்கு மேல் கொஞ்சம்தான். கணக்குப்படி பல்லைக் கரைக்க வேண்டும். கரைப்பதில்லை. ஏனென்றால் தயிரிலேயே கால்சியமும் பாஸ்பேட்டும் ததும்ப நிற்கின்றன. பல்லிலிருந்து இழுக்க இடமில்லை. உப்பு ஏற்கெனவே கரைந்து தெவிட்டிய தண்ணீரில் இன்னொரு கல் உப்பைப் போட்டால் அது அப்படியே கிடக்கும், அதே கதை. ஆரஞ்சு சாற்றில் கால்சியம் சேர்த்தால் அதன் அரிக்கும் வேகம் குறைகிறது என்பதும் பரிசோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். மோர் குடிக்கிறவர்கள் இந்த வகையில் தைரியமாகக் குடிக்கலாம்.

புளிக்குழம்பு? புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், சாதாரண ஆள் இல்லை. ஆனாலும் சோற்றோடு பிசைந்து விழுங்குவதற்கும், அரைமணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எவ்வளவு நேரம் வாயில் இருந்தது, எத்தனை தடவை வந்து போனது என்பதுதான் பெரிது. சாப்பிடும்போது எச்சில் ஊறி அமிலத்தைக் கழுவி, தணித்து, பல்மேல் ஒரு புரதப் படலத்தையும் பூசிவைக்கிறது. தூங்கும்போது எச்சில் ஏறக்குறைய வற்றிவிடுகிறது. விடிந்ததும் அந்தக் காய்ந்த வாயில் முதல் ஆளாக எலுமிச்சையை ஊற்றுவது, அதுவும் சூடாக (சூடு கூடினால் அரிப்பும் வேகமாகும்), நான் செய்த காரியங்களில் எவ்வளவு கச்சிதமான முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது.

பச்சை மாங்காய் இரண்டு பத்தை தின்றபின் பல்லோடு பல் உரசினால் ஒரு சொரசொரப்பு தெரியுமே, பிறகு அன்று முழுக்க எதைக் கடித்தாலும் கூசுமே, அதுதான் இந்த நோயின் மிகச் சின்ன ஒத்திகை. அமிலம் பட்ட எனாமலின் மேல்பரப்பு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு ஆழத்துக்கு, மெத்தென்று ஆகிவிடுகிறது. விட்டுவிட்டால் எச்சில் ஓரளவு திரும்பக் கெட்டிப்படுத்தும். அந்த நேரம் பார்த்து மொறுமொறுப்பாக எதையாவது கடித்தாலோ பிரஷ்ஷைப் போட்டுத் தேய்த்தாலோ அந்த மெத்தென்ற படலம் போய்விடும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. எனக்கு இரண்டு வருடம்.

குடிக்காமலேயே எனாமலை இழந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் ஊரில் 1980களின் தொடக்கத்தில் ஒரு நீச்சல் குளம் விசாரணைக்கு உள்ளானது. நீச்சல் போட்டிக்குப் பயிற்சி எடுத்தவர்களுக்குப் பல் எனாமல் கரைந்துகொண்டிருந்தது. குளோரின் வாயு செலுத்திச் சுத்தப்படுத்திய குளம் அது; அந்த முறையில் தண்ணீர் அமிலமாகும், அதைச் சரிக்கட்ட சோடா சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குளத்து நீரைச் சோதித்தால் பி.எச். 2.7. கிட்டத்தட்ட கோலாவில் நீந்தியிருக்கிறார்கள். போட்டி அணியில் இருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு அரிப்பின் அறிகுறி. நீந்தவே போகாதவர்களில் 3 சதவீதம். வாயைத் திறந்து மூச்சுவிடுகிற நேரம்தான் அந்த வித்தியாசம்.

இனி வார்னிஷுக்கு வருவோம். அதைக் கண்டுபிடித்தவர்கள் அமில அரிப்பை நினைத்துக் கண்டுபிடிக்கவில்லை. அன்றைய கவலை முழுக்கச் சொத்தை. ஃப்ளூரைடு சொத்தையைத் தடுக்கும் என்று தெரிந்திருந்தது. ஆனால் கரைசலாகவோ ஜெல்லாகவோ பூசினால் சில நிமிடங்களில் எச்சில் அடித்துக்கொண்டு போய்விடும். ஈரமான இடத்தில், அதுவும் சதா நாக்கு துழாவுகிற இடத்தில், ஒன்றை எப்படி ஒட்ட வைப்பது? 1964ல் ஜெர்மனியில் ஷ்மிட் என்பவர் மரப்பிசினை நாடினார். டியூராபேட் என்ற பெயரில் இன்றுவரை விற்கிற சரக்கு அதுதான். அதன் உடம்பு முழுக்க நாட்டு மருந்துக்கடைச் சாமான்: பைன் மரப்பிசின், அரக்கு, தேன்மெழுகு, மாஸ்டிக் என்கிற இன்னொரு மரப்பிசின், இவற்றைக் கரைக்க ஆல்கஹால். பைன் பிசினைக் காய்ச்சி இறுக்கினால் கிடைப்பதுதான் வயலின்காரர்கள் வில்லுக்குத் தேய்க்கிற ரோசின். நான் முகர்ந்த மர வாசனைக்கு அதுதான் காரணம்.

இந்தப் பிசினுக்குள் 5 சதவீதம் சோடியம் ஃப்ளூரைடு. பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில் 22,600. இந்தியாவில் பற்பசைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 1,000. அதாவது பற்பசையைப் போல 22 மடங்குக்கும் மேல். 1970களில் பாலியூரித்தேனில் கலந்த இன்னொரு வகை வந்தது, ஃப்ளோர் புரொடெக்டர் என்று. நிறமில்லாமல் மெல்லிய படலமாகக் காயும், ஃப்ளூரைடு அளவும் குறைவு.

சொத்தை விஷயத்தில் இந்தப் பூச்சு கெட்டிக்காரன் என்பதில் சந்தேகமே இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு 2013ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 12,000க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரிடம் நடந்த 22 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. நிலைப்பற்களில் சொத்தை சராசரியாக 43 சதவீதம் குறைந்திருந்தது, பால்பற்களில் 37. ‘ஃப்ளூரைடு வார்னிஷ் பல்லைக் காக்கும்’ என்று எங்கே படித்தாலும் அந்த வாக்கியத்தின் முதுகெலும்பு இந்த மாதிரி எண்கள்தான். சிக்கல், இதே நற்பெயரை அப்படியே தூக்கி அமில அரிப்பின் மேல் ஒட்டும்போது தொடங்குகிறது.

வார்னிஷ் பல்மேல் கிடக்கும்போது அதிலிருந்து கசிகிற ஃப்ளூரைடு, எச்சிலிலும் பல்லிலும் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து நுண்ணிய உருண்டைகளாகப் பல்லின் மேல் படிகிறது. கால்சியம் ஃப்ளூரைடு என்று சொல்லலாம். வார்னிஷ் உரிந்துபோன பிறகும் இந்த உருண்டைகள் கொஞ்ச காலம் தங்கும். பாக்டீரியா அமிலம் கக்கும்போது இவை மெல்லக் கரைந்து ஃப்ளூரைடை விடுவிக்கும். அது கரையப்போகிற தாதுவோடு சேர்ந்து, ஹைட்ராக்ஸிஅபடைட்டைவிட உறுதியான ஃப்ளோர்அபடைட்டாகத் திரும்பப் படியும். ஃப்ளோர்அபடைட் கரைய 4.5 வரை இறங்க வேண்டும். ஊத்தைக்கடியில் பி.எச். பெரும்பாலும் ஊசலாடுவது 4.5க்கும் ஐந்தரைக்கும் நடுவில்தான். அந்த ஒரு எண் இடைவெளியில்தான் ஃப்ளூரைடு தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது.

எலுமிச்சை அந்த இடைவெளியில் நின்று சண்டை போடுவதில்லை. அது 2.5ல் வருகிறது. அங்கே ஹைட்ராக்ஸிஅபடைட்டும் கரையும், ஃப்ளோர்அபடைட்டும் கரையும், சேமித்து வைத்த உருண்டைகளும் முதல் சில மடக்கிலேயே கரைந்து எச்சிலோடு தொண்டைக்குள் போய்விடும். கரைந்ததைத் திரும்பப் படிய வைக்க ஊத்தை மாதிரி ஒரு மூடிய இடமும் கிடையாது. வயிற்றிலிருந்து எதுக்களித்து வருகிற ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1க்கும் 2க்கும் நடுவில். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். தூறலுக்குப் பிடிக்கிற குடையை எடுத்துக்கொண்டு ஐப்பசி அடைமழையில் இறங்குகிற கதை.

அப்படியானால் வார்னிஷ் வீணா? ஆய்வகங்கள் வீண் என்று சொல்லவில்லை. இந்த ஆய்வுகள் நடக்கிற விதமே சுவாரசியமானது. மாட்டுப்பல்லையோ பிடுங்கிய மனிதப்பல்லையோ சின்னச் சதுரங்களாக அறுத்து, மழமழவென்று தேய்த்து, பாதியை மூடிவைத்து, கோலாவிலோ சிட்ரிக் அமிலத்திலோ ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம் என்று முக்குகிறார்கள். கடைசியில் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் இடையில் விழுந்த படிக்கட்டின் உயரத்தை ஊசியால் அளக்கிறார்கள். இன்னும் நிஜத்தை நெருங்க வேண்டுமென்றால், தன்னார்வலர்களின் மேலண்ணத்தில் பொருந்துகிற ஒரு பிளாஸ்டிக் தட்டில் அந்தச் சதுரங்களைப் பதித்து வாரக்கணக்கில் வாயிலேயே சுமக்க வைக்கிறார்கள். தட்டை மட்டும் கழற்றி, கோலாவில் முக்கி, மறுபடி வாயில் மாட்டிக்கொள்ள வேண்டும். அறிவியலுக்காக மாட்டுப்பல்லை வாயில் வைத்துக்கொண்டு வீட்டில் டி.வி. பார்க்கிற அந்த ஆட்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

இப்படிப்பட்ட சோதனைகளில் வார்னிஷ் பூசிய துண்டுகள் பூசாதவற்றைவிடக் குறைவாகத்தான் கரைந்தன. ஆனால் ஒரு திருப்பம். ஃப்ளூரைடே கலக்காத வெறும் வார்னிஷ் பூசிய துண்டுகளும் சில ஆய்வுகளில் ஓரளவு தப்பின. அதாவது இந்தச் சண்டையில் நமக்காக நிற்பதில் ஒரு பங்கு பிசின். அமிலத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு ரெயின்கோட் மாதிரி அது கிடக்கிற வரைக்கும் பல் தப்பிக்கிறது. அது எவ்வளவு நேரம் கிடக்கும்? எனக்கு மறுநாள் மதியத்துக்குள் பெரும்பாலும் போய்விட்டது. முறுக்கு கடித்தால் அதற்கு முன்பே. டாக்டர் ஏன் மெத்தென்று சாப்பிடச் சொன்னார், ஏன் காலை வரை விளக்காதே என்றார் என்பது இங்கே விளங்குகிறது. டம்ளரை ஏன் விடச் சொன்னார் என்பதும்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1994ல் இந்த வார்னிஷை அனுமதித்தது சொத்தைத் தடுப்புக்காகக்கூட அல்ல. பல் கூச்சத்தைத் தணிக்கவும், பல்லை அடைக்கும்போது குழிக்குள் பூசவும்தான். சொத்தைக்காக அங்கே டாக்டர்கள் பூசியதெல்லாம் அனுமதிச் சீட்டில் இல்லாத உபயோகம். கூச்சம் ஏன் தணிகிறது என்றால், எனாமல் தேய்ந்தபின் வெளியே தெரிகிற டென்டினில் நரம்பை நோக்கி ஓடும் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் இருக்கின்றன. குளிர் பட்டால் அவற்றில் இருக்கும் திரவம் அசைகிறது, அசைவு நரம்பைச் சுண்டுகிறது. வார்னிஷும் அதிலிருந்து படிகிற உருண்டைகளும் குழாய்களின் வாயை அடைக்கின்றன. எனக்கு இரண்டாம் நாளே பானைத் தண்ணீர் குடிக்க முடிந்தது. பல் தேறிவிட்டது என்று நினைத்துவிட்டேன். தேறவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இந்தப் பூச்சில் இருக்கிற உண்மையான ஆபத்து இது என்று எனக்குத் தோன்றுகிறது: வலி போய்விடும், காரணம் அப்படியே இருக்கும்.

சரி, அமிலத்தின் முன் நிற்கிற பூச்சு வேறு ஏதாவது உண்டா? இங்கேதான் கதை எங்கள் பாட்டியின் அடுக்களைக்குத் திரும்புகிறது. பித்தளைப் பாத்திரத்தில் புளி போட்டால் களிம்பேறும் என்று வருடத்துக்கொரு முறை தெருவில் வருகிறவரிடம் கொடுத்து ஈயம் பூசுவார்கள். அடுப்பை ஊதி, நவச்சாரம் தூவி, பாத்திரத்துக்குள் வெள்ளியைப்போல ஒரு சுற்றுச் சுற்றித் துணியால் துடைப்பார் அவர். ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் அதே உலோகம். பேச்சில் ஈயம் என்றாலும் அது காரீயம் இல்லை, வெள்ளீயம். புளிப்புக்கு அசைந்து கொடுக்காத உலோகம் என்று அடுக்களைக்கு எப்போதோ தெரியும்.

பல்லிலும் கிட்டத்தட்ட அதே உலோகம்தான் வந்து நிற்கிறது. ஜெர்மனியின் கீசென் பல்கலைக்கழகத்தில் கரோலினா கான்ஸ், சுவிட்சர்லாந்தின் பெர்னில் அட்ரியன் லுசி ஆகியோரின் குழுக்கள் அமில அரிப்பையே தொழிலாகக் கொண்டு ஆராய்ந்தவை. ஃப்ளூரைடோடு வெள்ளீய அயனியும் சேர்ந்தால் பாதுகாப்பு கணிசமாகக் கூடுகிறது என்பது அவர்கள் பக்கத்து ஆய்வுகளின் முக்கியமான முடிவு. வெள்ளீயம் பல்லின் மேல் அமிலத்தில் எளிதில் கரையாத படிவாக உட்காருகிறது. அமிலம் மெத்தென்றாக்கிய எனாமலுக்குள்ளும் புகுந்து தங்குகிறது. பாத்திரத்துக்குப் பூசுவது உலோகத் தகடு, இங்கே நடப்பது உப்புகளின் படிவு, வேதியியல் ஒன்றல்ல. ஆனாலும் பாட்டி கேட்டால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள்.

வெள்ளீய ஃப்ளூரைடு புதிய சரக்கும் இல்லை. அமெரிக்காவில் 1950களின் நடுவில் கிரெஸ்ட் பற்பசை வந்தது இதைக் கொண்டுதான். தண்ணீரில் நிலைத்து நிற்காது, சீக்கிரம் சக்தி போய்விடும், பல்லில் பழுப்புக் கறை விடும், வாய் துவர்க்கும் என்று பல குறைகளால் பின்னால் சோடியம் ஃப்ளூரைடு அந்த இடத்தைப் பிடித்தது. இப்போது நிலைப்படுத்தப்பட்ட வடிவத்தில் பற்பசையாகவும் வாய் கொப்பளிக்கிற நீராகவும் திரும்பி வந்திருக்கிறது. அமில அரிப்பு உள்ளவர்களுக்கு, வருடத்துக்கு இரண்டு முறை பூசுகிற வார்னிஷைவிடத் தினமும் இதைப் பயன்படுத்துவது அதிகம் உதவும் என்பது என் வாசிப்பில் வந்து சேர்ந்த கருத்து. எதிரி தினமும் வருகிறான். காவல்காரன் ஆறு மாதத்துக்கொரு முறை வந்தால் எப்படி?

வார்னிஷ் வடிவத்திலேயே இன்னொரு உலோகத்தையும் முயன்று பார்க்கிறார்கள்: டைட்டானியம். பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவுரு பல் மருத்துவக் கல்லூரியில் 4 சதவீத டைட்டானியம் டெட்ராஃப்ளூரைடு வார்னிஷைப் பல வருடங்களாகச் சோதிக்கிறார்கள். பல்லின் மேல் கண்ணாடிப் பூச்சு போல ஒரு படலம் விடும், அது அமிலத்தைத் தாங்கும். ஆய்வகத்தில் சோடியம் ஃப்ளூரைடு வார்னிஷை அது முந்தியிருக்கிறது. அந்தச் சரக்கே கடும் புளிப்பு என்பது அதன் குறை. பக்கத்து பல் டாக்டரிடம் போய் நீங்கள் கேட்டு வாங்குகிற நிலைக்கு அது இன்னும் வரவில்லை.

ஃப்ளூரைடு என்றாலே நம்மூரில் ஒரு பயம் உண்டு, நியாயமான பயம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு கூடுதல்; பல்லில் பழுப்புத் திட்டு விழுந்த பிள்ளைகளையும் மூட்டு இறுகிய பெரியவர்களையும் அந்த மண் பார்த்திருக்கிறது. அதற்காகவே ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள்; 2013ல் தொடங்கப்பட்டது. அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர், “தண்ணியில இருந்து எடுக்கறதுக்குக் கோடிகோடியாக் கொட்றான், நீ காசு குடுத்துப் பல்லுல பூசிக்கிட்டு வர்றியா மாப்ள?” என்று கேட்டார். கேள்வி சரி. பதில் அளவில் இருக்கிறது. பல்லில் திட்டு விழுவது, எனாமல் உருவாகிக்கொண்டிருக்கிற சின்ன வயதில், வருடக்கணக்கில், தினமும் விழுங்குவதால். பால்பல் குழந்தைக்குப் பூசுகிற வார்னிஷ் கால் மில்லி. முழுவதையும் விழுங்கினாலும் ஐந்தரை மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஃப்ளூரைடு. அதுவும் ஒரேயடியாக அல்ல, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நச்சு என்று அஞ்ச வேண்டிய அளவு 50 மில்லிகிராமிலிருந்து தொடங்குகிறது. மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை வந்துபோகிற விஷயம் வேறு, கிணறு வேறு. ஈறு புண்ணாகி இருப்பவர்களும், பைன் பிசின் ஒவ்வாமை உள்ளவர்களும், கடும் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தவர்களும் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒட்டுப் பிளாஸ்திரி போட்டால் தடிக்கிறவர்களும் இதில் சேர்த்தி. சில பிளாஸ்திரிப் பசையிலும் இதே பிசின் இருக்கிறது.

புளித்த உணவுக்குப் பின் அரைமணி நேரம் கழித்துப் பல் விளக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலண்ணத் தட்டு வைத்துச் செய்த சோதனைகளில், மெத்தென்றான எனாமல் அந்த அரைமணியில் பெரிதாகக் கெட்டிப்பட்டுவிடவில்லை. காத்திருப்பதில் தவறில்லை, ஆனால் அது பரிகாரமும் இல்லை. ‘வெண்மை’ என்று விளம்பரப்படுத்துகிற சொரசொரப்பான பற்பசைகளை விடுவதும், மென்மையான பிரஷ்ஷை வைத்துக்கொள்வதும் அதைவிடப் பயன்.

வயிற்றுக்காரர்கள் கதை தனி. மேல்வரிசை முன்பற்களின் உள்பக்கம், நாக்கு படுகிற பக்கம், வழுவழுவென்று தேய்ந்திருந்தால் அனுபவமுள்ள பல் டாக்டர் எலுமிச்சையைப் பற்றிக் கேட்க மாட்டார். நெஞ்செரிச்சல் உண்டா, ராத்திரி புளித்த ஏப்பம் வருகிறதா, அடிக்கடி வாந்தி எடுக்கிறீர்களா என்று கேட்பார். கேட்கிற விதத்தில் பக்குவம் வேண்டும், ஏனென்றால் சிலர் தாமாகவே வாந்தி எடுக்கிறவர்களாக இருப்பார்கள், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. வயிற்றைக் கவனிக்காமல் அந்தப் பற்களில் வார்னிஷ் பூசுவது, மேலே குழாய் உடைந்திருக்கக் கீழே சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குறித்துவைக்க 2008ல் லண்டனின் டேவிட் பார்ட்லெட், கான்ஸ், லுசி மூவரும் சேர்ந்து ஒரு எளிய மதிப்பெண் முறை கொடுத்தார்கள். வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மோசமான பல்லுக்கு 0 முதல் 3 வரை. மொத்தம் 18. பரீட்சைக்கு எதிர்மாறு, குறைவாக வாங்கினால் பாஸ். என் அட்டையில் டாக்டர் 9 என்று எழுதி, கீழ்க்கடைவாயை ஒரு போட்டோவும் எடுத்துவைத்தார்.

ஆறு மாதம் கழித்துப் போனேன். எலுமிச்சைத் தண்ணீரை விட்டாகிவிட்டது. பழம் இப்போது ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் போகிறது. பழைய போட்டோவையும் புதியதையும் அவர் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அந்த வெள்ளி ஃபில்லிங் அதே உயரத்தில், அதே பாறையாக நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. டாக்டர் திரையை என் பக்கம் திருப்பி, “பாத்தீங்களா சார், ஒண்ணுமே மாறல!” என்றார், அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில். அட்டையில் மறுபடி 9 என்று எழுதிவிட்டு வார்னிஷ் டப்பாவைத் திறந்தார்.